வீட்டில் முதலில் எழுபவர்

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் நாலரை மணிக்கே வாசல் விளக்குகள் எரிந்துவிடும். கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம், வாளித் தண்ணீரை அள்ளித் தெளிக்கும் சத்தம் ஒரு பக்கம். மற்ற மாதங்களில் ஏழு மணியானாலும் போர்வையை விடாத கல்லூரிப் பிள்ளைகள் அந்த முப்பது நாளும் வெண்பொங்கலுக்காகத் தொன்னையை ஏந்திக்கொண்டு கோயில் வாசலில் நிற்பார்கள். பொங்கல் கழியும். தை நாலாம் தேதி எட்டிப் பார்த்தால் தெரு பழையபடி ஆறரை வரை உறங்கிக்கொண்டிருக்கும்.

அதே பிள்ளைகள், அதே உடம்பு, அதே அலாரம். முப்பது நாள் முடிந்த காரியம் அடுத்த வாரமே ஏன் முடியாமல் போகிறது?

நல்வாழ்வுக்கான காலைப் பழக்கத்தைப் பற்றி இன்று வருகிற நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன: மனஉறுதி போதவில்லை. ஐந்து மணிக்கு எழு, தியானம் செய், நாட்குறிப்பு எழுது, பச்சைத் தண்ணீரில் குளி, ஓடு. அமெரிக்கரான ஹால் எல்ராட் 2012இல் ‘மிரக்கிள் மார்னிங்’ எழுதி இந்தச் சந்தையைச் சூடேற்றினார். கனடாவின் ராபின் சர்மா 2018இல் ‘ஃபைவ் ஏ.எம். கிளப்’ என்று அதற்கு மணியும் குறித்துக் கொடுத்தார். சொல்லப்போனால் இது புதுச் சரக்கும் இல்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, வைகறையில் எழ வேண்டும், செய்ய வேண்டிய அறத்தையும் பொருளையும் நினைக்க வேண்டும், தாய் தந்தையரைத் தொழ வேண்டும் என்று எப்போதோ வரிசை போட்டுவிட்டது. அதைப் பாடிய பெருவாயின் முள்ளியாருக்கும் ராபின் சர்மாவுக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டுகள். ஆனாலும் ஆசாரக்கோவையின் அந்தப் பாட்டிலும் சரி, இன்றைய அறிவுரைகளிலும் சரி, எழுபவர் தனியாள். அவர் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் நேரத்தில் அடுப்பில் பால் வைப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்றவற்றையும் பார்க்க நினைக்கிறேன். உடம்பின் கடிகாரம் பற்றிய ஆய்வுகள், பழக்கம் பிடிப்பது பற்றிய ஆய்வுகள், நடை, காபி, டிபன் பற்றிய சண்டைகள் எல்லாவற்றையும் புரட்டிய பிறகு எனக்குத் தெளிவானது இது: காலைப் பழக்கத்தை ஒற்றை ஆள் தாங்குவதில்லை. வீடும் தெருவும் சேர்ந்து தாங்குகின்றன. தாங்க ஆளில்லாதபோது அது உதிர்ந்துவிடுகிறது, அல்லது யாரோ ஒருவர் தலையில் முழுதாக இறங்குகிறது.

இருட்டுக் குகையில் ஒரு வௌவால்

1729இல் பிரெஞ்சு வானியலாளர் மெரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெயில் படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். பகலில் இலை விரிந்தது, இரவில் குவிந்தது. சூரியனைப் பார்க்காமலே செடிக்கு நேரம் தெரிந்தது. மனிதருக்கும் அப்படித்தானா என்று பார்க்க, மிஷெல் சிஃப்ர் என்ற இளைஞர் 1962 ஜூலையில் கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றுக்குள் இறங்கினார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றுதான் அவர் கணக்கு வைத்திருந்தார். மனம் நாட்களைத் தொலைத்துவிட்டது. உடம்போ ஏறக்குறைய ஒரு நாள் அளவில் உறங்கி எழுந்துகொண்டுதான் இருந்தது.

இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களின் மரபணுவில் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் ஒன்று தலைமைக் கடிகாரமாக இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதன் ஓட்டம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். பழைய சுவர்க் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பதுபோல அதையும் தினமும் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தும் கை, காலை வெளிச்சம்.

இதுவரை உலகறிந்த கதை. மதுரைக் கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் 1970களில் உயிரியல் கடிகாரங்களை ஆராயும் குழு ஒன்றை வளர்த்தெடுத்தார். வெளி ஒளியும் ஒலியும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களின் உறக்கத்தை அளக்கும் வசதிகூட அங்கே இருந்தது. அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வௌவால் சோதனை. பூச்சி தின்னும் சிறு வௌவால் ஒன்றைப் பிடித்து, வெளிச்சமே நுழையாத குகை ஆழத்தில் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் அதன் கூட்டம் சுதந்திரமாக வாழ்ந்தது. அந்தியில் கூட்டம் இரைதேடக் கிளம்பும் வேளையில், வெளியே இருட்டியதா இல்லையா என்று அறிய வழியில்லாத கூண்டு வௌவாலும் விழித்துப் படபடத்தது. மற்ற வௌவால்கள் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவி எங்கோ போய்விட்டது. வெளிச்சம் எட்டாத இடத்தில் அதற்குக் கடிகாரமாக இருந்தது சொந்தபந்தம் போகும் வரும் அரவம்தான்.

வௌவாலை வைத்து மனிதரை அளப்பது பிழை. நமக்கு வெளிச்சமே முதல் கடிகாரம். மற்ற மனிதர்களின் அரவம் நம்மை எழுப்பி அந்த வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது, சாப்பாட்டு நேரத்தை நிறுத்தி வைக்கிறது. ஆனாலும் மார்கழித் தெருவின் புதிருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. பாங்கொலி, கோயில் மணி, மாதா கோயில் மணி, பால் பாக்கெட் கூடை இறங்கும் சத்தம், டீக்கடை பாய்லர், நாளிதழ் வந்து விழும் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் – நம்முடைய குகை இது. ஒன்பதாம் மாடியில் ஜன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டவருக்கு இதில் ஒன்றும் கேட்காது. அவருக்கு மிஞ்சுவது செல்போன் அலாரம். அதில் ஸ்னூஸ் பொத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கரில் அது இல்லை.

ஐந்து மணி என்ற மந்திர எண்ணுக்கு உடலியலில் தனி மரியாதை ஏதும் கிடையாது. சென்னையில் சூரியன் ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில் உதிக்கிறது, ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில். ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான் வித்தியாசம். லண்டனிலோ கோடையில் ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பர் கடைசியில் எட்டு மணி தாண்டியும் இருட்டு. மணியைப் பிடித்துக்கொண்டு எழுவது அவர்களுக்கு ஒரு கட்டாயம். நமக்கு அந்தப் பாடு இல்லை. வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே எழலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் தேறும். மேகம் மூடிய காலையிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் எழுகிறோமா என்பதுதான் பெரிய விஷயம் என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் சுமார் 61,000 பேரின் கையில் அளவியைக் கட்டி எடுத்த தரவை வைத்து அண்மையில் வெளிவந்த ஆய்வு, ஆயுளை முன்கூட்டிக் காட்டுவதில் உறக்கத்தின் நீளத்தைக் காட்டிலும் உறக்கத்தின் ஒழுங்கு வலுவானது என்றது. இதனால் இது என்று அடித்துச் சொல்லும் ஆய்வு இல்லை அது. நோயாளிகளுக்கு உறக்கம் ஒழுங்காக இருப்பதில்லை என்பதும் உண்மைதானே. இருந்தாலும் திங்கள் முதல் வெள்ளிவரை ஆறு மணி, சனி ஞாயிறு பத்து மணி என்று எழுபவர்கள் யோசிக்க வேண்டிய சேதி. வாரந்தோறும் துபாய்க்குப் போய்த் திரும்புவதுபோன்ற இந்த நிலைக்கு, மியூனிக்கின் டில் ரோன்னபெர்க் 2006இல் ‘சமூக ஜெட்லாக்’ என்று பெயர் வைத்தார்.

இன்னொன்றையும் அவரைப் போன்றவர்கள் நிறுவியிருக்கிறார்கள். சீக்கிரம் எழுபவர், தாமதமாக எழுபவர் என்பதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பெரும் பங்கு உண்டு. பதின்பருவத்தில் கடிகாரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பதினேழு வயதுப் பையனைச் சோம்பேறி என்று திட்டுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2014இல் உயர்நிலைப் பள்ளிகளை எட்டரை மணிக்கு முன் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. கலிபோர்னியா 2022 முதல் அதைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆறே காலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. அந்தப் பிள்ளையிடம் போய் எந்தத் தியானத்தைப் பற்றிப் பேசுவது?

இருபத்தொரு நாள் கதை

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பது நம்மூர் வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்துவிட்ட நம்பிக்கை. இதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களும் கை கால் இழந்தவர்களும் தங்கள் புதிய உருவத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் கவனித்தார். 1960இல் தம் நூலில் எழுதினார். காலப்போக்கில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்தது, மூக்கும் உதிர்ந்தது, எண் மட்டும் நின்றது.

அளந்து பார்த்தவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி. 2009இல் வெளிவந்த அவர் குழுவின் ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் பன்னிரண்டு வாரம் செய்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து, கணக்கிட்டுப் பார்த்தால், 254 நாள்வரை நீண்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சி அதைப்போல ஒன்றரை மடங்கு காலம் கேட்டது. ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. விரதம் கெட்டதுபோல ‘இன்றோடு போச்சு’ என்று கைவிடுகிறவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

புதுப் பழக்கம் வெறுங்காற்றில் நிற்காது, ஏற்கெனவே நடக்கிற ஒன்றைப் பற்றிக்கொண்டு படரும் என்பதே இந்தத் துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. என் அத்தை எந்த ஆய்வையும் படித்தவர் இல்லை. அவருக்குத் தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காபி கூடாது. காபி அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. முதல் வருஷம் மாத்திரைப் புட்டி பீரோவில் இருந்தது, வாரத்தில் இரண்டு நாள் மறந்துபோனது. பிறகு ஒருநாள் புட்டியைக் கொண்டுவந்து டிகாஷன் ஃபில்டரின் மூடிமேல் வைத்தார். அவ்வளவுதான். ஃபில்டரைத் தொடாமல் அத்தைக்கு நாள் தொடங்காது. புட்டியை எடுக்காமல் ஃபில்டரைத் தொட முடியாது. மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா நிற்க மனமில்லாமல் வாசல் பெருக்கினார். பிறகு தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய் வந்தார். இப்போது கோயிலைத் தாண்டி ரேஷன் கடைவரை நடக்கிறார். கூடவே எதிர்வீட்டு அக்கா. திரும்பி வந்ததும் நுரை பொங்க ஒரு டம்ளர் காபி. எட்டு வருஷமாக நடக்கிறது. இதைக் காலைத் திட்டம் என்று யாராவது சொன்னால் அத்தை சிரிப்பார்.

அவர் செய்ததில் நான் கவனிப்பது மூன்று. ஏற்கெனவே இருந்த காபியை ஆணியாக அடித்தார். தொடக்கத்தை மிகச் சிறியதாக வைத்தார். இரண்டாம் மாதத்திலேயே இன்னொருவர் சேர்ந்துகொண்டார். எதிர்வீட்டு அக்கா ஊருக்குப் போன வாரங்களில் நடை பிள்ளையார் கோயிலோடு சுருங்கிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடை, காபி, டிபன்

காலையில் என்ன செய்வது என்பதில்தான் அதிகம் எழுதப்படுகிறது. உண்மையில் அங்கே சொல்ல இருப்பது கொஞ்சம்தான்.

நடை நல்லது, காலை நடைதான் நல்லது என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான உழைப்பு. எந்த வேளையில் என்று அது கேட்கவில்லை. பத்தாயிரம் அடி என்ற எண்ணோ, டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பியது. ஹார்வர்டின் ஐ-மின் லீ 2019இல் முதிய பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. காலைக்கு உள்ள சிறப்பு நடைமுறை சார்ந்தது: மாலையில் மழை, விருந்தாளி, அலுவலக மீட்டிங் என்று ஆயிரம் தடங்கல் வரும், காலையில் குறைவு. நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதைப் பார்த்து மலைத்துவிடாமல் அதில் ஒரு கிலோமீட்டரை நடந்தாலும் நடைதான். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பும்முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காபியை எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று இப்போது ஒரு விதி சுற்றுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தைராய்டு மாத்திரைக்காரர்களைத் தவிர மற்றவர்கள் எழுந்ததும் குடிக்கலாம். சோகை உள்ளவர்கள் மட்டும் டிபனோடு சேர்த்துக் காபி, டீ குடிப்பதைத் தள்ளிவைக்கலாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை அது தடுக்கும். ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா என்ற பட்டிமன்றத்தை 21,000க்கும் மேற்பட்டோரை வைத்து பிரிட்டனில் நடந்த, 2022இல் வெளியான பெரிய சோதனை முடித்துவைத்தது: இரண்டும் ஒன்றுதான், மறக்காத வேளையில் போடுங்கள்.

டிபனைத் தவிர்த்தால் எடை கூடும் என்ற பழைய எச்சரிக்கையும் தளர்ந்துவிட்டது. 13 சோதனைகளைத் தொகுத்து 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, காலையில் சாப்பிட்டவர்களே நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாக எடுத்துக்கொண்டதாகக் காட்டியது. பசித்தால் சாப்பிடலாம், பசிக்காவிட்டால் தள்ளிப்போடலாம். இது பெரியவர்களுக்கு. வளரும் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். பச்சைத் தண்ணீர்க் குளியல், எண்ணெய்க் கொப்பளிப்பு, நாட்குறிப்பு இவையெல்லாம் பிடித்தவர்களுக்குப் பிடித்தது. கெடுதல் இல்லை.

யாருடைய காலை?

இப்போது அடுப்புக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். ஐந்தாண்டு கழித்து 2024இல் மறுபடி எடுத்தார்கள்: பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. இரண்டு எண்ணுமே குறைந்திருக்கின்றன. இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

எங்கள் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் காலையைச் சொல்கிறேன். கணவர் ஐந்தரைக்கு ஷூ போட்டுக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புவார். சர்க்கரை நோய் வந்த பிறகு தொடங்கிய நடை, நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. நண்பர்கள் வியக்கிறார்கள். அவர் மனைவி நாலே முக்காலுக்கு எழுகிறார். வாசல், பால், கணவருக்குச் சர்க்கரையில்லாத காபி, மகளுக்கு டப்பாவில் சாம்பார் சாதம், மாமியாருக்கு உப்பு குறைத்த பொங்கல், கடைசியில் தனக்கு ஒரு டப்பா. எட்டு பத்துக்கு பஸ். இரவு பாத்திரம் கழுவி, மாவைக் கரைத்து வைத்து, பதினொன்றரைக்குப் படுக்கிறார். உறக்கம் ஐந்தே கால் மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் உறக்க மருத்துவர்கள். அவருக்கும் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ‘நீங்களும் காலையில் நடங்களேன்’ என்று மருத்துவர் சொன்னாராம். எந்த நேரத்தில் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அந்தக் கணவரின் நாலு வருஷ ஒழுக்கம் உண்மையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மனைவியின் நாலே முக்கால்மேல் கட்டிய வீடு. காலை ஐந்து மணி பற்றிய நூல்கள் நம் வீடுகளில் முக்கால்வாசிப் பெண்களுக்கு எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே எழுந்துதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கூடுதலாக ஒரு மணி நேர உறக்கம். எழுந்த பிறகு தமக்கென்று இருபது நிமிடம். அதை மனஉறுதியால் வரவழைக்க முடியாது. வீட்டிலிருக்கும் இன்னொருவர் கொடுத்தால்தான் உண்டு.

வீடு கொடுக்க முடியாதபோது ஊர் கொடுத்ததற்கும் நம்மிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பலர் சாப்பிடாமல் வருகிறார்கள், பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பதைக் கண்டு தமிழக அரசு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ரவை உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பிள்ளை வயிறு நிறைவது கண்ணுக்குத் தெரிகிற பலன். களையெடுக்கவோ கட்டட வேலைக்கோ ஆறு மணிக்குக் கிளம்பும் ஒரு தாயின் காலையில் ஒரு அடுப்பு வேலை குறைவது அவ்வளவாகப் பேசப்படாத பலன். என்னைக் கேட்டால், அண்மையில் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய காலைச் சீர்திருத்தம் இதுதான். எந்தச் சுயமுன்னேற்ற நூலும் இதன் பக்கத்தில் வர முடியாது.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு இந்தப் பேச்சு முழுவதுமே எட்டாத தூரம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பேருந்துகளில் காலை ஏழு மணிக்குத் தலை தொங்கத் திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007இல் வைத்தது, 2019இல் மறுபடியும் உறுதி செய்தது. அவர்களுக்கு எழும் நேரமே காலை; அது பிற்பகல் இரண்டு மணியாகவும் இருக்கலாம். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குத் தடித்த துணி, எழுந்ததும் வெளிச்சம், கூடியவரை மாறாத ஷிஃப்ட் என்பவை உதவும். முதல் மூன்றை அவர் பார்த்துக்கொள்வார். நாலாவது முதலாளி கையில் இருக்கிறது. பகலில் ஒருவர் உறங்கும் வீட்டில் டிவியைக் குறைத்து வைப்பது மற்றவர்கள் கையில்.

முதல்நாள் இரவு

எளிய, நிலைக்கிற காலைப் பழக்கத்துக்கு என் சிபாரிசு என்ன என்று கேட்டால், காலையை விட்டுவிட்டு இரவிலிருந்து தொடங்கச் சொல்வேன். பத்தரைக்குப் படுத்தவருக்கு அலாரம் உபரி. பதினொன்றரைவரை ஒருவர் பாத்திரத்தோடும் மற்றவர்கள் செல்போனோடும் இருக்கும் வீட்டில் எந்த அலாரமும் உதவாது. சமையல்கட்டு ஒன்பதரைக்கு மூடப்பட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போடலாம். காய் நறுக்குவது ஒருவர், பாத்திரம் ஒருவர், மறுநாள் துணிமணியை எடுத்து வைப்பது பிள்ளைகள். டிபனுக்கு வாரத்தில் இரண்டு நாள் பழைய சோறும் சின்ன வெங்காயமும் என்று வைத்தால் அந்த இரண்டு நாளும் அடுப்பே இல்லை. நம் தாத்தா பாட்டிகள் கண்டுபிடித்த மிக நல்ல காலைச் சிக்கனம் அது.

பிறகு காலைக்கு ஒன்றே ஒன்று. தண்ணீரோ, மொட்டை மாடியோ, தெருமுனைவரை நடையோ. பல் தேய்த்ததும், பால் வாங்கியதும் என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றில் அதை முடிந்து வையுங்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் அது நிற்கட்டும், அடுத்ததைப் பிறகு பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தால் வானம் இடிந்து விழாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முறை வைத்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

இன்றிரவு சாப்பாட்டுக் கடை முடிந்ததும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கப் போகிறவர் யார்? நாளை முதலில் எழப்போகிறவரும் அவரேதான் என்றால், அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டு, அவர் கையிலிருக்கும் அடுப்பு துடைக்கும் துணியை வாங்கிக்கொள்ளுங்கள்.